கவுண்ட் 40 ஆயிரம், ரத்தக்கசிவு இல்லை: குறைமாதக் குழந்தைக்கு பிளேட்லெட் ஏற்றலாமா? பிளானெட்-2 ஆய்வை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் பிளேட்லெட்டில் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில்) பெரும்பகுதி ரத்தம் கசிகிறது என்பதற்காக ஏற்றப்படுவதில்லை. பிளேட்லெட் கவுண்ட், அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள பிளேட்லெட் எண்ணிக்கை, இறங்கியிருக்கிறது, கசிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஏற்றப்படுகிறது. 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 972 குழந்தைகளின் பதிவுகளை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அதில் 231 குழந்தைகளுக்கு மொத்தம் 1,002 முறை பிளேட்லெட் ஏற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை, கவுண்ட் 50 ஆயிரமோ அதற்கு மேலோ இருந்தபோதே ஏற்றியிருந்தார்கள். கவுண்ட் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கும் மூளைக்குள் ரத்தம் கசிவதற்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை.

இந்தப் பழக்கம் குழந்தைக்குப் பாதுகாப்பா, ஆபத்தா என்பதை நேராகச் சோதித்த பெரிய ஆய்வு பிளானெட்-2. ரத்தம் ஏற்றுவதைப் பாதுகாப்பாக்குவது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தொற்றுப் பரிசோதனையும் குரூப் பொருத்தமும்தான். எந்தக் கவுண்டில் ஏற்ற வேண்டும், எந்தக் கவுண்டில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்ற முடிவும் அவற்றுக்கு இணையான பாதுகாப்பு நடவடிக்கை என்பதை இந்த ஆய்வு காட்டியது. ஆகவே இங்கே முதலில் அந்த ஆய்வையும், பிறகு அதை வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவரும் விதத்தையும் பார்ப்போம்.

ஆய்வுக்கு முன் இருந்த நிலை

பிறந்த குழந்தைக்கும் பெரியவர்களைப் போலவே ஒன்றரை லட்சத்துக்கு மேல் கவுண்ட் இருக்க வேண்டும் என்பதே பாடம். ஆனால் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டிய கவுண்டும் இயல்பின் கீழ் எல்லைக்குள் வந்துவிடுகிறது. தீவிர சிகிச்சையில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளில் கவுண்ட் குறைவது அன்றாடம் பார்க்கும் விஷயம். அதே குழந்தைகளுக்குத்தான் மூளை அறைகளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் அதிகம். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

1993இல் கனடாவில் மவுரீன் ஆண்ட்ரூ குழுவினர் இதைச் சோதித்தார்கள். 50 ஆயிரத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையே கவுண்ட் இருந்த 152 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கவுண்டை இயல்புக்கு உயர்த்தும்படி பிளேட்லெட் ஏற்றினார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு புதிதாக வருவதோ பெரிதாவதோ, ஏற்றியவர்களில் 28 சதவீதம், ஏற்றாதவர்களில் 26 சதவீதம். பயன் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் 50 ஆயிரத்துக்குக் கீழே யாரும் ஏற்றாமல் விடப்படவில்லை. அதனால் 50 ஆயிரம் என்ற கோடு, யாரும் சோதிக்காமலேயே பாதுகாப்பு எல்லையாக நிலைத்துவிட்டது.

ஆய்வு எப்படி நடந்தது

பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் 43 என்ஐசியுக்கள் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள்) சேர்ந்தன. 2011 முதல் 2017 வரை 660 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், கவுண்ட் 50 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியவர்கள். குழந்தைகளின் எடையின் நடுமதிப்பு 740 கிராம், கர்ப்ப கால நடுமதிப்பு 26.6 வாரம். அதாவது, பயப்பட எல்லாக் காரணமும் உள்ள குழந்தைகள். சேர்ப்பதற்கு முன் தலை ஸ்கேன் எடுத்து, அண்மையில் பெரிய ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். தாயின் எதிர்ப்பொருளால் கவுண்ட் குறைந்தவர்களைச் சேர்க்கவில்லை.

குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்குக் கவுண்ட் 50 ஆயிரத்துக்குக் கீழே போனால் பிளேட்லெட். மற்றதற்கு 25 ஆயிரத்துக்குக் கீழே போனால் மட்டும். அளவு இரண்டுக்கும் ஒன்றே: கிலோவுக்கு 15 மி.லி. எந்தக் குழுவில் இருந்தாலும், ரத்தம் கசிந்தால் மருத்துவர் தம் முடிவுப்படி ஏற்றலாம். ரத்தக்கசிவைப் பதிவு செய்ய, இதற்கென்றே முன்பு உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவத்தைப் பயன்படுத்தினார்கள். எது பெரிய கசிவு, எது சிறியது என்பதை ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்ல அதில் இடமில்லை.

ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு, 50 ஆயிரத்தில் ஏற்றப்படும் குழு நன்றாக இருக்கும் என்பதே. முடிவு தலைகீழாக வந்தது. 28 நாளுக்குள் மரணமோ புதிய பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தவர்கள் 50 ஆயிரம் குழுவில் 324 பேரில் 85, அதாவது 26 சதவீதம். 25 ஆயிரம் குழுவில் 329 பேரில் 61, 19 சதவீதம். மரணத்தைத் தனியாகப் பார்த்தால், 50 ஆயிரம் குழுவின் 15 சதவீதத்துக்கு 25 ஆயிரம் குழுவில் 10 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு 14க்கு 11. நாள்பட்ட நுரையீரல் நோயோடு பிழைத்தவர்கள் 63க்கு 54. இந்த அளவுகோல்களில் எதை எடுத்தாலும் அதிகம் ஏற்றிய பக்கம்தான் கனம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25 ஆயிரம் குழுவிலும் 53 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது பிளேட்லெட் ஏற்றப்பட்டது. 50 ஆயிரம் குழுவில் 90 சதவீதம். ஆகவே இது ஏற்றுவதற்கும் ஏற்றாமல் விடுவதற்கும் இடையேயான போட்டி அல்ல. நிறைய ஏற்றுவதற்கும் கொஞ்சம் குறைத்து ஏற்றுவதற்கும் இடையேதான் இவ்வளவு வேறுபாடு.

"என் வார்டில் இருக்கும் குழந்தை மிகவும் மோசம், அதற்கு இது பொருந்தாது" என்று சொல்லத் தோன்றும். 2019இல் இதே தரவை ஆபத்து மிகுந்தவர்கள், குறைந்தவர்கள் என்று பிரித்து மறுபடி அலசினார்கள். எல்லாப் பிரிவிலும் குறைந்த வரம்பே நல்லதாக வந்தது. மோசமான குழந்தைக்குத்தான் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்ற வாதத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு இரண்டு வயது நிலை 2023இல் வெளியானது. தகவல் கிடைத்த 601 குழந்தைகளில், மரணமோ குறிப்பிடத்தக்க வளர்ச்சிக் குறைபாடோ உள்ளவர்கள் 50 ஆயிரம் குழுவில் 296 பேரில் 147, சரிபாதி. 25 ஆயிரம் குழுவில் 305 பேரில் 120, 39 சதவீதம். முதல் மாதத்தில் தெரிந்த கேடு வளர்ந்தபின் மறைந்துவிடவில்லை.

இந்தியாவிலிருந்தும் ஒரு சிறிய ஆய்வு இதே திசையைக் காட்டியது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 44 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து, 2019இல் வெளியானது. இதயத்தருகே மூடாமல் இருக்கும் டக்டஸ் குழாய் சீக்கிரம் மூடும் என்ற நம்பிக்கையில், கவுண்டை ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கப் பாதிப் பேருக்கு பிளேட்லெட் ஏற்றினார்கள். குழாய் சீக்கிரம் மூடவில்லை. மூளை அறைக்குள் ரத்தக்கசிவு மட்டும் தாராளமாக ஏற்றிய 22 பேரில் 9 பேருக்கு வந்தது. வழக்கமான வரம்பில் இருந்த 22 பேரில் ஒருவருக்கு.

ரத்தம் உறைய உதவும் பொருள் எப்படிக் கேடு செய்யும்?

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் மூளையில், அறைகளை ஒட்டிய ஜெர்மினல் மேட்ரிக்ஸ் பகுதியின் நாளங்கள் மிக மெல்லியவை. ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலோ, கார்பன் டை ஆக்சைடு அளவு தாவினாலோ அவை கிழிகின்றன. பெரும்பாலான கசிவு முதல் 72 மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கிழிந்த நாளத்துக்குக் காரணம் அழுத்தம். பிளேட்லெட் பற்றாக்குறை அதில் முதன்மைக் காரணம் அல்ல.

இப்போது ஏற்றும் அளவைப் பார்க்க வேண்டும். இதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் உறைக்காது. 740 கிராம் குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.லி. என்றால் 11 மி.லி. அந்தக் குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் கிலோவுக்கு 90 மி.லி. வீதம் சுமார் 67 மி.லி. ஆக, ஒரே தவணையில் மொத்த ரத்தத்தில் ஆறில் ஒரு பங்கு திரவம் உள்ளே போகிறது. 60 கிலோ பெரியவருக்கு இதே விகிதத்தில் ஏற்றினால் 700 மி.லி. வரும். பெரியவருக்கு நாம் வழக்கமாக ஏற்றும் ஒரு தவணை 200 முதல் 300 மி.லி.தான்.

வேகமும் அப்படியே. அந்தக் குழந்தைக்கு நாளுக்குக் கிலோவுக்கு 120 மி.லி. திரவம் போகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3.7 மி.லி. பிளேட்லெட்டை அரை மணியில் ஏற்றினால் மணிக்கு 22 மி.லி., வழக்கமான ஓட்டத்தைப் போல ஆறு மடங்கு. ஒரு மணி நேரத்தில் ஏற்றினாலும் மூன்று மடங்கு. மூளை நாளங்களுக்கு இந்தத் தள்ளு ஆகாது என்பதற்காகத்தான் சலைனை வேகமாக ஏற்றக் கூடாது என்று கற்பிக்கிறோம். பிளேட்லெட் பை என்றால் மட்டும் அந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது காரணம் பிளேட்லெட்டின் இயல்பிலேயே உள்ளது. பிறந்த குழந்தையின் பிளேட்லெட் தூண்டுதலுக்கு மெதுவாகவே வேலை செய்யும். அதை ஈடுகட்ட அதன் ரத்தத்தில் சிவப்பணு விகிதம் அதிகம். பிளேட்லெட் ஒட்டிக்கொள்ள உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதமும் வலுவாக இருக்கும். இந்தச் சமநிலைக்குள் பெரியவர் ஒருவரின் சுறுசுறுப்பான பிளேட்லெட்டைக் கலந்தால், உறையும் பக்கம் தராசு சாய்கிறது. பரிசோதனைக் கூடத்தில் இரண்டையும் கலந்து பார்த்தபோது உறைதல் விரைவாவது தெரிந்தது. மேலும் பிளேட்லெட் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுமந்து வருகிறது. நாளங்கள் வளர உதவும் காரணிகளும் அதில் உண்டு. நுரையீரல் நோய் கூடியதற்கு அழற்சி ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும்படி ஆய்வு அமைக்கப்படவில்லை. ஆனால் அளவையும் வேகத்தையும் நம்மால் இன்றே கட்டுப்படுத்த முடியும்.

வார்டில் செய்ய வேண்டியது

கவுண்ட் குறைவு என்று அறிக்கை வந்தால் முதல் வேலை, எண்ணை நம்பலாமா என்று பார்ப்பது. குதிகாலில் குத்தி, பிழிந்து பிழிந்து எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் திரண்டுபோய்விடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து உள்ள குழாயை உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் அடியில் சிறு கட்டி விழும். இயந்திரம் திரண்ட பிளேட்லெட்டை எண்ணாது. 90 ஆயிரம் இருக்கும் குழந்தைக்கு 30 ஆயிரம் என்று அறிக்கை வரும். ஆகவே ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டு, குழாயில் கட்டி உண்டா என்று கேட்க வேண்டும். ஸ்மியரில் (கண்ணாடியில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பதில்) பிளேட்லெட் திரண்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் நரம்பிலிருந்து புதிதாக எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கவுண்டை வைத்து, ரத்தம் கசியாத குழந்தைக்கு ஏற்றவே கூடாது.

அதற்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கவுண்ட் பார்ப்பதும் தவறு. ஒரு முறைக்கு அரை மி.லி. என்றாலும், 67 மி.லி. ரத்தம் உள்ள குழந்தைக்கு அது பெரியவரிடமிருந்து 30 மி.லி. எடுப்பதற்குச் சமம். நிலை மாறாமல் இருக்கும் குழந்தைக்கு நாளுக்கு ஒரு முறை போதும். ரத்தத்தில் தொற்றோ குடல் அழற்சியோ இருந்து வேகமாக இறங்கினால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை.

அடுத்த கேள்வி காரணம். முதல் மூன்று நாளில் இறங்கும் கவுண்ட் பெரும்பாலும் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் வருவது. தாய்க்குக் கர்ப்ப கால ரத்த அழுத்தம் இருந்திருக்கும்; குழந்தை எடை குறைந்து பிறந்திருக்கும். இது நான்காம் நாள் வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பத்து நாளுக்குள் தானே ஏறிவிடும். இங்கே பொறுமைதான் சிகிச்சை. மூன்று நாளுக்குப் பிறகு சட்டென்று விழும் கவுண்ட் வேறு ரகம். தொற்று, குடல் அழற்சி இரண்டையும் தேடியாக வேண்டும். 30 ஆயிரத்துக்குக் கீழே போகும், வாரக்கணக்கில் ஏறாமல் இருக்கும். இந்த நிலையில் ஏற்றும் பிளேட்லெட் சில மணி நேரத்தில் செலவாகிவிடும். காலையில் ஏற்றி, மாலையில் கவுண்ட் பார்த்து, ஏறவில்லையே என்று இரவில் மறுபடி ஏற்றும் சங்கிலி இப்படித்தான் தொடங்குகிறது. வேலை செய்ய வேண்டியது ஆன்டிபயாடிக்.

முழு மாதத்தில், நல்ல எடையோடு, மற்றபடி தெம்பாகப் பிறந்த குழந்தைக்கு உடலெங்கும் சிவப்புப் புள்ளிகளும் மிகக் குறைந்த கவுண்டும் இருந்தால், தாயின் எதிர்ப்பொருளை நினைக்க வேண்டும். தந்தையிடமிருந்து வந்த பிளேட்லெட் அடையாளத்தைத் தாயின் உடல் அந்நியமாகக் கருதித் தாக்குவதால் வருவது இது. பிளானெட்-2 இந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. இவர்களுக்கு மூளைக்குள் கசியும் ஆபத்து கர்ப்பத்திலேயே உண்டு. இவர்களைத் தாமதிக்காமல் தனிப் பாதையில் கொண்டுபோக வேண்டும்: உடனே தலை ஸ்கேன், ரத்தவியல் மருத்துவரின் ஆலோசனை, கிடைத்தால் அந்த அடையாளம் இல்லாத கொடையாளரின் பிளேட்லெட்.

வரம்புகளைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். பிரிட்டனின் ரத்தவியல் சங்கம் 2020இல் திருத்திய பட்டியல் எளிமையானது. ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு 25 ஆயிரத்துக்குக் கீழே. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், உறைதல் கோளாறு சேர்ந்திருந்தால், அறுவைக்கு முன், அல்லது மேலே சொன்ன எதிர்ப்பொருள் நோயில் முந்தைய குழந்தைக்கு மூளைக்கசிவு நேர்ந்திருந்தால் 50 ஆயிரத்துக்குக் கீழே. பெரிய ரத்தக்கசிவு, அல்லது மூளை, நரம்பு மண்டல அறுவை போன்ற பெரிய அறுவை என்றால் ஒரு லட்சத்துக்குக் கீழே. 2025இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதலும் பெரிய கசிவு இல்லாத குறைமாதக் குழந்தைக்கு 25 ஆயிரத்தையே சொல்கிறது.

25 ஆயிரத்துக்குக் கீழே ஏற்றினால் நன்மை நிச்சயம் என்றும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதற்குக் கீழே ஏற்றாமல் விட்ட குழு பிளானெட்-2இல் இல்லை. 50இல் ஏற்றுவதைவிட 25 வரை காத்திருப்பது நல்லது என்பது மட்டுமே சோதித்து அறிந்தது. கவுண்ட் 24 ஆயிரம், ஏறுமுகம், குழந்தை தெம்பு என்றால் அடுத்த கவுண்டுக்குக் காத்திருக்கும் மூத்த மருத்துவரின் முடிவில் தவறில்லை.

ரத்தம் உண்மையில் கசியும்போது தயங்கக் கூடாது. மூச்சுக்குழாய்க் குழலில் புது ரத்தம் வந்து வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவருவது, மலத்தில் தெளிவாக ரத்தம், ஸ்கேனில் மூளை அறையை நிரப்பும் கசிவு, இவை பெரிய கசிவுகள். குத்திய இடத்தில் சிறிது ஊறுவதும், உறிஞ்சும்போது இளஞ்சிவப்பாகச் சளி வருவதும் அந்தக் கணக்கில் வராது.

ஏற்றுவது என்று முடிவானால்

நம் ரத்த வங்கிகளில் கிடைப்பது இரண்டு வகை. ஒரு யூனிட் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆர்டிபி பை 50 முதல் 70 மி.லி. இருக்கும். இயந்திரம் வழியே ஒரே கொடையாளரிடம் எடுத்த எஸ்டிபி 200 முதல் 300 மி.லி. குழந்தைக்கு ஆர்டிபி ஒன்றே தாராளம். குழந்தைக்கு மறுபடி தேவைப்படும் என்று தெரிந்தால், எஸ்டிபியை ரத்த வங்கியிலேயே மூடிய முறையில் சிறு பைகளாகப் பிரித்து அதே குழந்தைக்கு ஒதுக்கலாம். நான்கு முறை ஏற்றினாலும் கொடையாளர் ஒருவரே. வார்டில் பையைத் துளைத்தால் கதை வேறு. துளைத்த பை 4 மணி நேரத்தில் காலாவதி. மிச்சத்தை மாலைக்கு என்று எடுத்து வைக்க முடியாது.

குரூப் விஷயத்தில், பெரியவருக்கு "பிளேட்லெட்தானே, எந்த குரூப்பும் பரவாயில்லை" என்று சொல்லும் சலுகை குழந்தைக்குக் கிடையாது. 740 கிராம் குழந்தையின் உடலில் பிளாஸ்மா சுமார் 37 மி.லி.தான் இருக்கும். அதில் 11 மி.லி. கொடையாளரின் பிளாஸ்மா சேர்ந்தால், ஓடும் பிளாஸ்மாவில் கிட்டத்தட்டக் கால் பங்கு அவருடையது. ஏ குரூப் குழந்தைக்கு ஓ குரூப் பிளேட்லெட் ஏற்றினால், அந்தப் பிளாஸ்மாவில் உள்ள ஏ எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுவை உடைக்கும். மஞ்சள் காமாலை ஏறும். குழந்தையின் குரூப்பையே கேட்க வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் பெண் குழந்தைக்கு நெகட்டிவ் பையே வேண்டும், ஏனெனில் பையில் கொஞ்சம் சிவப்பணு எப்போதும் கலந்திருக்கும்.

வெள்ளணு வடிகட்டிய பை கேட்டுப் பெற வேண்டும். பிரிட்டனில் 1999 முதல் எல்லாப் பையும் வடிகட்டித்தான் வருகிறது. இங்கே எல்லா ரத்த வங்கியிலும் அப்படி இல்லை. சைட்டோமெகலோ வைரஸ் வெள்ளணுவில்தான் ஒளிந்திருக்கிறது. 1981இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸ் தொற்று இருந்த கொடையாளரின் ரத்தம் பெற்ற, தாய்க்குத் தொற்று இல்லாத 74 குழந்தைகளில் 10 பேருக்கு அது தொற்றியது. தொற்று இல்லாத கொடையாளரின் ரத்தம் மட்டும் பெற்ற 90 பேரில் ஒருவருக்கும் இல்லை.

உறவினர் கொடுக்க முன்வந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும்; 25 கிரே (கதிர்வீச்சு அலகு) அளவு. நெருங்கிய உறவின் வெள்ளணுவைக் குழந்தையின் உடல் அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிடும். அது உள்ளே பெருகிக் குழந்தையையே தாக்கினால் பிழைப்பது அரிது. எதிர்ப்பொருள் நோய் உள்ள குழந்தைக்குத் தந்தையின் பிளேட்லெட் எந்த நிலையிலும் கூடாது. தாயின் எதிர்ப்பொருள் தாக்கும் அடையாளமே அதில் இருக்கிறது.

பை வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல பிளேட்லெட், பட்டுத் துணியை அசைத்ததுபோல் சுழன்று மினுமினுக்கும். மினுமினுப்பு இல்லை, கட்டி தெரிகிறது, நிறம் மாறியிருக்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள். பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் 5 நாள் வரை வைக்கப்படுவது. அறை வெப்பத்தில் இருப்பதால் பாக்டீரியா வளரும் வாய்ப்பு மற்ற ரத்தப் பொருள்களைவிட இதில் அதிகம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெந்நீரில் சூடாக்காதீர்கள், பையைக் குலுக்காதீர்கள்.

குழந்தை அடையாளம் பெரும்பாலும் "பேபி ஆஃப்" என்று தாயின் பெயரில் இருக்கும். ஒரே வார்டில் ஒரே பெயர் கொண்ட இரண்டு தாய்மார் இருப்பது நடக்கக்கூடியதே. இரட்டையரில் ஒன்று, இரண்டு என்ற எண் மட்டுமே வேறுபாடு. ஆகவே கைப்பட்டை, மருத்துவமனை எண், பையின் சீட்டு மூன்றையும் இரண்டு பேர் தனித்தனியே, குழந்தையின் படுக்கை அருகில் நின்று வாசித்துச் சரிபார்க்க வேண்டும். நர்ஸ் மேஜையில் வைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை.

170 முதல் 200 மைக்ரான் வடிகட்டி வழியே சிரிஞ்சுக்குள் எடுங்கள். 11 மி.லி. ஏற்றுவதற்கு 11 மி.லி. எடுத்தால் போதாது; நீட்டிப்புக் குழாயே ஒன்று, ஒன்றரை மி.லி. பிடித்துக்கொள்ளும். குழாய்க்கும் சேர்த்து எடுத்து, காற்றை நீக்கி நிரப்புங்கள். முடிந்ததும் குழாயில் மிஞ்சியதை சலைனால் படக்கென்று தள்ளுவதே பலர் செய்யும் தவறு. ஒரு மணி நேரம் கவனமாக ஏற்றிவிட்டுக் கடைசி ஒன்றரை மி.லி.யை ஐந்து வினாடியில் தள்ளினால் கவனித்ததன் பலன் கெடும். சலைனையும் அதே வேகத்தில் பம்ப் வழியே ஓட்டுங்கள். 1 பிரெஞ்சு (குழாய்த் தடிமனின் அலகு) அளவுள்ள பிக் லைன், அதாவது கை கால் நரம்பு வழியே நெஞ்சு வரை செலுத்தும் மெல்லிய குழாய், அடைத்துக்கொள்ளும், அதில் ஏற்றக் கூடாது. தமனிக் குழாயிலும் கூடாது. 24 கேஜ் புற நரம்பு ஊசியோ தொப்புள் சிரைக் குழாயோ போதும்.

ஒரே ஒரு நரம்புதான் இருக்கிறது என்று டெக்ஸ்ட்ரோஸை (சர்க்கரைத் திரவத்தை) நிறுத்திவிட்டு பிளேட்லெட்டை ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை விழுந்துவிடும். தனி நரம்பு போடுங்கள். முடியவே முடியாவிட்டால் நடுவிலும் முடிவிலும் சர்க்கரை பாருங்கள். தொடங்கும் முன், 15 நிமிடத்தில், முடிந்தபின் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு குறிக்க வேண்டும். ஆக்சிஜன் தேவை கூடினால் திரவச் சுமையை நினைத்து வேகத்தைக் குறையுங்கள். வெப்பம் ஏறினாலோ அழுத்தம் விழுந்தாலோ நிறுத்தி, பையையும் சிரிஞ்சையும் ரத்த வங்கிக்கு அனுப்பி, குழந்தையிடமிருந்து கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுக்க வேண்டும்.

குடும்பத்திடம் பேசுவது

டெங்கு காலங்களில் தமிழ்நாட்டில் பிளேட்லெட் கவுண்ட் வீட்டுப் பேச்சாகிவிட்டது. "கவுண்ட் 40 ஆயிரமாம், இன்னும் ஏத்தலையா டாக்டர்?" என்று தாத்தா கேட்பார், கொடுக்க நான்கு பேரை அழைத்துக்கொண்டும் வருவார். அவருடைய பதற்றம் நியாயமானது. ஆதாரத்தை அவருக்குப் புரியும் சொல்லில் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்: "இந்த எடையில உள்ள குழந்தைங்களுக்கு, ரத்தம் கசியாம இருக்கும்போதே ஏத்தினா கசிவும் உயிராபத்தும் கூடுதுன்னு பெரிய ஆய்வுல பார்த்திருக்காங்க ஐயா. 25க்குக் கீழ போனாலோ, எங்கயாவது கசிஞ்சாலோ உடனே ஏத்துவோம். தினமும் பார்த்துக்கிட்டு இருக்கோம்." காத்திருப்பது கைவிடுவது அல்ல என்பது அவருக்குப் புரிய, தினமும் என்ன பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும்: தலை ஸ்கேன், மலம், வயிறு, உச்சிக்குழி, தோலில் புள்ளிகள்.

பதிவேடு

வரம்பைச் சுவரில் ஒட்டுவதால் மட்டும் பழக்கம் மாறாது. ஒவ்வொரு முறை பிளேட்லெட் கேட்கும்போதும் பதிவேட்டில் எழுத ஏழு பத்தி போதும்: ஏற்றும் முன் கவுண்ட், அதை மறுபடி சரிபார்த்தார்களா, கசிவு உண்டா, எங்கே, ஏற்றக் காரணம், மி.லி. அளவு, எத்தனை நிமிடத்தில். மாதம் ஒரு முறை மூத்த மருத்துவரும் நர்ஸ் பொறுப்பாளரும் ரத்த வங்கி மருத்துவரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "கவுண்ட் குறைவு" என்று மட்டும் எழுதி, கசிவு என்ற இடத்தில் "இல்லை" என்றும், கவுண்ட் 25 ஆயிரத்துக்கு மேலும் இருக்கும் வரிகளை முதலில் எடுத்துப் பேச வேண்டும். அவற்றில் பல, இரவுப் பணியில் தனியாக இருந்த இளம் மருத்துவர் எழுதியவையாக இருக்கும். அந்த நேரத்தில் அவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அந்த எண் வார்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.